சுவரை மட்டும்தான் தொட்டேன்

லண்டனில் எனக்கு முதலில் பிடித்துப்போனது பிளக் பாயின்ட். நம் ஊரில் இருப்பதுபோலவே இங்கேயும் சுவரில் ஒவ்வொரு பாயின்ட்டின் பக்கத்திலும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகளில் இது கிடையாதாம். செருகினால் செருகியதுதான், பிடுங்கினால்தான் நிற்கும். வெள்ளைக்காரர்கள் நமக்கு விட்டுப்போனவற்றில் ரயிலுக்கு அடுத்தபடியாக நான் மதிப்பது இந்தச் சின்ன ஸ்விட்சைத்தான்.

என் தொழில் அப்படி. கரூரில் மின்வாரியத்தில் உதவிச் செயற்பொறியாளராக இருக்கிறேன். எங்கள் வீட்டில் வெளியே கிளம்பும்போது, செருப்பு மாட்டுவதற்கு முன்னால் நான் ஒரு சுற்று வருவேன். டிவி, மிக்ஸி, வாட்டர் ஹீட்டர், செல்போன் சார்ஜர், கடைசியாக ஹால் ஃபேன். எல்லாவற்றையும் சுவரிலேயே அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன். ஃபிரிட்ஜ் மட்டும் தப்பும். என் கணவர் இதற்கு 'பிரகாரம் சுற்றுவது' என்று பெயர் வைத்திருக்கிறார்.

ஆனால் நான் லண்டனுக்குச் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு மதியம், எரிந்துபோன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பற்றி அலுவலகத்தில் பேசிக்கொண்டிருந்தபோது வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, பயப்பிடாதேங்கோ. பிள்ளை உயிரோடதான் இருக்கிறா" என்றது ஒரு பெண்குரல். தைரியம் சொல்வதற்கு இதைவிடப் பயங்கரமான வாக்கியத்தை நான் இதுவரை கேட்டதில்லை. பேசியவர் ஜெசிந்தா. இல்ஃபோர்டில் என் மகள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி.

திவ்யா எங்களுக்கு ஒரே பெண். லண்டனில் ஒரு நிதி நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறாள். சைக்கிளில் போனவள்மீது, ஓரமாக நிறுத்தியிருந்த காரின் கதவை யாரோ பார்க்காமல் திறந்திருக்கிறார்கள். இடது மணிக்கட்டு முறிந்தது. புருவத்துக்கு மேலே தையல். நான் விசா கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் மாவுக்கட்டோடு வாசலுக்கு வந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமான நிலையத்திலிருந்து வந்த வழி முழுக்க, சைக்கிளில் போகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டே வந்திருந்தேன்.

முதல் நாள் காலை உணவு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். ஜெசிந்தா மன்னார்க்காரர், கத்தோலிக்கர். தமிழ்க் கடைகளுக்கு அரிசி மூட்டை கொண்டுபோய்ப் போடும் வேனைத் தானே ஓட்டுகிறார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் மாதா படம்; அதன் கீழே ஒரு சிவப்புக் குமிழ் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டே என் கை தானாக ஸ்விட்சுக்குப் போனது.

"ஐயோ அக்கா! மாதாவின்ர லைட்டை நூத்திடாதேங்கோ!" என்று அகப்பையோடு ஓடி வந்தார் ஜெசிந்தா. நூர்ப்பது என்றால் அவர்கள் ஊரில் அணைப்பது. "இந்த வீட்டுக்கு வந்த நாளிலேயிருந்து அது ஒருக்காலும் நூந்தது இல்லை."

"அம்மா எங்க போனாலும் இப்படித்தான் ஆன்ட்டி" என்றாள் திவ்யா. "எங்க ஊர்ல கோயில்லயே ஃபேனை அணைச்சிருக்காங்க."

பூசாரி விசிறிக்கொண்டு நின்றது உண்மைதான். ஆனால் அப்போது அங்கே பக்தர் ஒருவரும் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் விசாரணையைத் தொடங்கினேன். வேலைக்கு ரயிலில் போகிறவள் சைக்கிளில் எங்கே போய்க்கொண்டிருந்தாள்? வடக்கு லண்டனில் இருக்கும் எட்மண்டனுக்காம். எட்மண்டனில் யார்? வெர்னராம். வெர்னர் யார்? திவ்யா தட்டைப் பார்த்தாள். ஜெசிந்தா உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "அது ஒரு ஜெர்மன் கிழவர், அக்கா. மேளக்காரன். இப்ப மேளம் அடிக்கிறதில்லை, பெட்டியளைத் திருகிக்கொண்டிருக்கிறார். பிள்ளை லீவு எடுத்து லீவு எடுத்து அங்கதான் போறவ."

லீவு. அந்த ஒரு சொல் எனக்குள் சொதியோடு சேர்ந்து இறங்க மறுத்தது. இரண்டு வருடமாக இவள் தீபாவளிக்கு வரவில்லை. என் தங்கை மகன் கல்யாணத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு முறையும் "லீவு கிடைக்கலம்மா" என்றாள். கிடைத்திருக்கிறது. எல்லாவற்றையும் எட்மண்டனில் ஒரு கிழவர் வீட்டில் செலவழித்திருக்கிறாள்.

"நம்ம ஊருக்கே வந்துடு கண்ணு" என்றேன். அவள் நிறுவனத்துக்குச் சென்னையில் கிளை உண்டு. மாற்றல் கேட்டால் கொடுப்பார்கள்.

திவ்யா தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "சனிக்கிழமை கச்சேரி இருக்கும்மா. நானும் வெர்னரும். வந்து கேளு. கேட்டுட்டு, நான் இங்க இருக்கறதுல அர்த்தமே இல்லைன்னு உனக்குத் தோணினா சொல்லு. அன்னைக்கே டிரான்ஸ்ஃபருக்கு எழுதிடறேன்."

நல்ல பேரமாகத்தான் தெரிந்தது. எனக்குப் பிடிக்கப்போவதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புதன்கிழமை என்னை வெர்னரிடம் அழைத்துப் போனாள். பேருந்தின் மாடியில் முன்சீட்டு. மரக்கிளைகள் முகத்துக்கு நேரே வந்து அடித்துவிட்டுப் போயின. பாதி வழியில் வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்றது, நகரவில்லை. இடைவெளியைச் சரிசெய்வதற்காக இந்தப் பேருந்து இங்கே சற்று நேரம் நிற்கும் என்று ஒரு பெண்குரல் அறிவித்தது. முன்கூட்டியே வந்துவிட்ட குற்றத்துக்கு ஒரு பேருந்துக்குத் தண்டனை கொடுப்பதை அன்றுதான் பார்த்தேன். கரூரில் முன்கூட்டி வருகிற தனியார் பேருந்து, முன்னால் போகிற பேருந்தின் பயணிகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்துப் பறக்கும். இங்கே ஓட்டுநர் இறங்கி நின்று ஆப்பிள் தின்றார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்சீட்டுக் கிழவி மட்டும் தன் தோழியிடம், "என் கல்யாணத்தன்று தேவாலயத்துக்குச் சீக்கிரம் போய்விட்டேன். அப்போதும் இப்படித்தான் யாராவது நிறுத்தியிருக்கலாம்" என்றாள்.

வெர்னர் கதவைத் திறந்தபோது நான் முகத்தைக் கடுமையாக வைத்திருந்தேன். எழுபதைத் தாண்டிய மனிதர். ஒட்டடைக் குச்சிபோல் உயரம். வெள்ளை முடியைப் பின்னால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். என் கையைக் குலுக்கவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "விபத்து என் வீட்டுக்கு வரும் வழியில் நடந்தது. உங்களுக்கு என்மீது கோபம் இருக்கும். முதலில் சாப்பிடுவோம், பிறகு கோபிக்கலாம்" என்றார். மணி சரியாகப் பன்னிரண்டு. கறுப்பு ரொட்டி, வெண்ணெய், வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய், குளிர்ந்த உருளைக்கிழங்கு. நான் கொண்டுபோன முறுக்கை எடுத்துக் கடித்தார். கடித்த சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடி, "இதைப் பதிவு செய்ய வேண்டும்" என்றார்.

கோபம் அங்கேயே கொஞ்சம் நழுவிவிட்டது.

அவர் கதையைச் சாப்பாட்டு மேசையில்தான் கேட்டேன். நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். சிறுவயதில் திருவிழா ஊர்வலத்தில் தன்னைவிடப் பெரிய முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு அடித்திருக்கிறார். இருபது வயதில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ராக் குழு. தபால்துறை கழித்துப்போட்ட பழைய வேனில் ஊர் ஊராகப் போனார்கள். அமெரிக்கர்கள் மாதிரி வாசிக்கக் கூடாது, அப்பாக்கள் மாதிரியும் வாசிக்கக் கூடாது என்பது கொள்கை. இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சியது ஒரே ஒரு தாளம். நெடுஞ்சாலையில் கார் போவதுபோல, திருப்பமும் இல்லாமல் நிறுத்தமும் இல்லாமல் அரைமணி நேரம் ஒரே தாளம். பத்திரிகைகள் அவரை மனிதக் கடிகாரம் என்று எழுதினவாம்.

"பொய்" என்றார் வெர்னர். "எனக்கு ஒரு வியாதி இருந்தது. சந்தோஷம் வந்தால் வேகம் ஏறிவிடும். கூட்டம் நன்றாக இருந்தால் போதும், ஓட ஆரம்பித்துவிடுவேன். கிதார்காரர்கள் மேடையிலேயே என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். ஒருநாள் இருபது நிமிடப் பாட்டு பதினாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிக அருமையான கூட்டம்."

அதற்குப் பிறகுதான் சின்தசைசர் வாங்கினார். ஒரு புதுக் கார் விலை. அதோடு தாளத்தைத் தானே அடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியும். பெட்டிக்குச் சந்தோஷம் கிடையாது. எனவே வேகமும் ஏறாது. "என்னை வேலையை விட்டு அனுப்பிய இயந்திரத்தை நானே தவணை கட்டி வாங்கினேன்" என்று சிரித்தார். தனியாக இரண்டு இசைத்தட்டு போட்டார். முதலாவதை நண்பர்கள் வாங்கினார்கள். இரண்டாவதை நண்பர்களும் வாங்கவில்லை. ஒரு லண்டன் நர்ஸைக் காதலித்து இங்கே வந்து மணந்துகொண்டார். நாய் பிஸ்கட் விளம்பரத்துக்கு இசையமைத்தார். கோளரங்கத்துக்கு நட்சத்திரம் உதிக்கும் சத்தம் செய்து கொடுத்தார். பல் மருத்துவமனையில் காத்திருப்பவர்கள் பயப்படாமல் இருக்க ஒரு ஒலிநாடா. "அதைக் கேட்டு இரண்டு பேர் தூங்கி, முறை வந்தபோது எழுந்திருக்கவில்லை. என் வாழ்க்கையின் பெரிய வெற்றி." மனைவி இறந்து சில வருடம் ஆகிறது. அந்தச் சமயத்தில்தான் இளைஞர்கள் அவருடைய விலைபோகாத இரண்டாவது தட்டை இணையத்தில் கண்டுபிடித்தார்கள். ஒரு கடையின் நிலவறையில் வாசிக்க அழைத்தார்கள். அன்று பாதியில் வயர் அறுந்து சத்தம் நின்றபோது கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து பற்றவைத்துக் கொடுத்தாள்.

"சால்டரிங் எனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?" என்று தமிழில் கேட்டாள் திவ்யா, என்னைப் பார்த்து.

ஆறாம் வகுப்புக் கோடை விடுமுறையில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வெயிலில் சுற்றக் கூடாது என்று.

முன்னறையில் அவருடைய கருவிகள் இருந்தன. சுவர் முழுக்கக் குமிழ்கள், வயர்கள், சிவப்புக் கண்கள். உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் கேட்டது அந்த அடித்தொண்டை ரீங்காரம். ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல். இங்கிலாந்திலும் அதே ஐம்பதுதான். என் தொழிலில் அந்த ஐம்பதைக் காப்பதுதான் பெரும்பாடு. சுமை கூடினால் அது ஐம்பதுக்குக் கீழே இறங்கும். சுமை சட்டென்று குறைந்தால் மேலே ஏறும். இரண்டுக்குமே எங்களுக்குத் திட்டு விழும். அந்நிய ஊரில் பழக்கமான குரலைக் கேட்டதுபோல் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

திவ்யா ஒரு பழைய சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினாள். "இதுக்குள்ளதான்மா முழுக் கச்சேரியும் இருக்கு. ஒவ்வொரு சுரமா நான் ஏத்தினது. நாலு மாசம். இது தாளத்தையும் அடிச்சுரத்தையும் பார்த்துக்கும். மேல நான் ஒரு கையால வாசிச்சாப் போதும். நீ மட்டும் எதையும் தொடாத."

"நான் எதுக்குத் தொடறேன்?" என்றேன்.

வியாழக்கிழமை அவள் கைக்கு மருத்துவமனை. கூட வர வேண்டாம் என்றுவிட்டாள். தனியாக மனோர் பார்க் முருகன் கோயிலுக்குக் கிளம்பினேன். ஒரே ஒரு நிறுத்தம்தான் என்று ஜெசிந்தா படித்துப் படித்துச் சொல்லியும் எலிசபெத் லைனில் எதிர்த்திசை ரயிலில் ஏறிவிட்டேன். பெட்டியில் அத்தனை பேரும் மௌனமாக இருந்ததால், தூங்குகிறவரை எழுப்பிக் கேட்பதுபோல் இருக்குமே என்று கேட்கவும் இல்லை. வயல்கள் வர ஆரம்பித்த பிறகுதான் இறங்கினேன். ஒருவழியாகக் கோயிலை அடைந்தபோது உச்சிப் பூசை முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. முருகனிடம் என் பெண்ணை வீட்டுக்கு அனுப்பு என்று வேண்டினேன். எப்படி அனுப்ப வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாமல் விட்டது என் தவறு.

வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. பன்னிரண்டு மணிக்கு வெர்னர் எழுந்தார். ரொட்டி தீர்ந்துவிட்டதால் தெருமுனைக் கடையில் மீனும் வறுத்த உருளைக்கிழங்கும் சாப்பிடலாம் என்றார். அவரும் திவ்யாவும் வாசலில் இறங்கிவிட்டார்கள். நான் கைப்பையை எடுக்கத் திரும்பி வந்தேன்.

அப்போதுதான் அந்த வாசனை. ஒரு மின்பொறியாளரின் மூக்குக்கு அது குழந்தையின் காய்ச்சல்போல, தூக்கத்திலும் தெரியும். சோபாவுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு. அதில் ஆறு பிளக். அதில் ஒன்றிலிருந்து இன்னொரு போர்டு. எல்லாம் கம்பளத்துக்கு அடியில். தொட்டேன், கை சுட்டது. கருவிகளைத் தொடாதே என்றுதானே சொன்னாள்? தொடவில்லை. சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தேன். ரீங்காரம் நின்று அறை அமைதியானது. மனத்திருப்தியோடு கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். மீன் மிக நன்றாக இருந்தது. உப்பும் வினிகரும் சரியாகச் சேர்ந்து, எங்கள் காவிரி மீனுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

திரும்பி வந்து முன்னறைக் கதவைத் திறந்ததும் திவ்யா அப்படியே நின்றாள்.

"யார் அணைச்சது?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் கையைத் தூக்கினேன். "நான் சுவரை மட்டும்தான் தொட்டேன்."

அவள் ஓடிப்போய் சுவர் ஸ்விட்சைப் போட்டாள். எல்லாச் சிவப்புக் கண்களும் விழித்தன. சாம்பல் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினாள். அந்தப் பெட்டிக்கு நினைவு வைத்திருக்கும் உள் பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறதாம். மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவு. மண்டபத்துக்கும் அதை ஒரு பேட்டரிப் பெட்டியில் இணைத்து, அணையாமலே தூக்கிப்போவதாக இருந்தார்களாம். நாலு மாதமாக அது அணைக்கப்படவே இல்லை, ஜெசிந்தாவின் மாதா விளக்கைப்போல.

"பேக்கப் எடுத்து வைக்கலையா?" என்றேன். பழைய பெட்டியில் அதற்கு வழியில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? "நீ சாஃப்ட்வேர் இன்ஜினியர்தானே கண்ணு?" என்றும் சேர்த்தேன். சில வாக்கியங்கள் வாயைவிட்டு வெளியே வரும்போதே திரும்பிப் போகப் பார்க்கும். இது அப்படிப்பட்ட வாக்கியம்.

திவ்யா என் பக்கம் திரும்பினாள். புருவத்தின் மேல் தையல் தழும்பு சிவந்திருந்தது.

"என் லீவு எல்லாம் அதுக்குள்ளதான் இருந்துச்சு. வேணும்னே பண்ணினியாம்மா?"

பேரத்தைப் பற்றி அவளுக்கு நினைவிருந்தது. எனக்கும் இருந்தது. கச்சேரி இல்லையென்றால் யாருக்கு லாபம் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவள் தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

வெர்னர் முட்டி போட்டுக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார். போர்டைத் தொட்டார். இன்னும் வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும். "எப்போது பற்றியிருக்கும்?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாது. அடுத்த மாதம். அல்லது நாம் மீன் சாப்பிடும்போது."

தலையாட்டினார். தோட்டத்துக் கதவுவரை போய் திவ்யாவிடம் உரக்கச் சொன்னார்: "உன் அம்மா என் வீட்டைக் காப்பாற்றிவிட்டு என் கச்சேரியைக் கொன்றிருக்கிறார். இரண்டில் வீடுதான் பெரியது." பிறகு அவளைத் தாண்டித் தோட்டத்தின் கடைசியில் இருந்த மரக்கொட்டகைக்குப் போனார். புல்வெட்டும் இயந்திரம், உடைந்த நாற்காலி, ஒரு கூடை எல்லாவற்றையும் வெளியே எறிந்தார். உள்ளே போர்வை போர்த்தி ஏதோ ஒன்று இருந்தது. போர்வையை இழுத்தபோது எழுந்த தூசியில் மூன்று பேரும் தும்மினோம். டிரம்ஸ்.

"முப்பது வருடம்" என்றார் வெர்னர். "இன்று மாலை அடித்துப் பார்ப்போம். அண்டை வீட்டாருக்கு நான் எழுபது வயதுக்கு மேல் உயிரோடு இருப்பது தெரியட்டும்."

ஒத்திகை முடிந்து திரும்பிய பேருந்தில் திவ்யா எனக்கு முன்சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். அவளுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கணவருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர், "ஏனுங்க மேடம், அங்கயும் பிரகாரம் சுத்திட்டீங்களா?" என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சனிக்கிழமை காலை ஜெசிந்தா, "அரிசி இண்டைக்கு லேட்டாப் போகட்டும். கடைக்காரர் கத்தினால் நான் கதைக்கிறன்" என்று மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு டிரம்ஸை ஏற்றிவர வேனைக் கிளப்பினார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எட்மண்டன் வரை ஒரே உபதேசம். "பிள்ளை கோவத்தில ஒண்டு சொல்லிட்டா, அக்கா. அதைப் பிடிச்சுத் தொங்காதேங்கோ. என்ர மகன் என்னோட ஒரு கிழமை கதைக்கேல்லை. ஏனெண்டால் அவன்ர பிறந்தநாளுக்கு நான் பாதரையும் கூப்பிட்டுட்டன்."

கச்சேரி எட்மண்டனிலேயே ஒரு தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில், மாலை நான்கு மணிக்கு. வெர்னர் எட்டு மணிக்குத் தூங்கிவிடுவார் என்பதால் அந்த நேரம். நான் சூட்கேஸில் டெஸ்டர் இல்லாமல் எங்கேயும் போவதில்லை. மண்டபத்தின் எல்லா பாயின்ட்டையும் சோதித்தேன். புது எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்கி, வயர்களைப் பிரித்துப் போட்டு, யார் காலும் தட்டாதபடி ஒட்டினேன். திவ்யா ஒருமுறை, "அது லூசா இருக்கு" என்று ஒரு பிளக்கைக் காட்டினாள். காலையிலிருந்து அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான். நான் அதை இறுக்கினேன்.

கூட்டம் ஐம்பது பேர் இருக்கும். கறுப்பு டீ-ஷர்ட்டும் நரைத்த குடுமியுமாகப் பெரியவர்கள். அவர்கள் பேரன் வயதில் பிள்ளைகள். முன்வரிசையில் ஜெசிந்தா, மீன் ரோல்ஸ் நிறைந்த தட்டை மடியில் வைத்தபடி. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மேடையைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம், "டிரம்ஸ்! வெர்னர் டிரம்ஸ் வாசிக்கப் போகிறாரா? நான் செத்துவிட்டேனா?" என்று கிசுகிசுத்தார். "செத்திருந்தால் இப்படிப்பட்ட சொர்க்கத்தில் உனக்கு இடம் கிடைத்திருக்காது" என்றாள் அந்த அம்மாள்.

தொடங்கினார்கள். திவ்யா ஒரு கையால் நீளமான சுரம் ஒன்றைப் பிடித்தாள். அதன் அடியில் வெர்னர் அந்தத் தாளத்தைக் கொண்டுவந்தார். மிகச் சாதாரணத் தாளம். நம் ஊர்ப் பந்தலில் வாசித்தால், எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்பார்கள். ஐந்து நிமிடம் அப்படியே போனது. தோள் வலிக்குமே என்று நான் கவலைப்பட்டேன். பத்து நிமிடம் போனது. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒரே சீராக ஓடும் ஒன்றைக் காது கொடுத்துக் கேட்பது எனக்குப் பிழைப்பு. கட்டுப்பாட்டு அறையில் முதல் வருடம் முழுக்க அதைத்தான் செய்தேன்.

அதனால் மண்டபத்தில் மற்றவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. ஏறுகிறது.

மயிரிழைதான் முதலில். பிறகு இன்னும் கொஞ்சம். வெர்னர் கண்ணை மூடிக்கொண்டு, ரப்பர் பேண்ட் அறுந்து முடி முகத்தில் விழ, ஓட ஆரம்பித்திருந்தார். திவ்யா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சாம்பல் பெட்டி இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அது நாலு மாதம் கழித்தும் அதே வேகத்தில் போயிருக்கும். அவள் ஒற்றைக் கையால் அவரைத் துரத்தினாள். பிடித்தாள். மறுபடி விட்டாள். மாவுக்கட்டின் நுனியால் ஒரு கட்டையை அழுத்தினாள். அது தப்பான சுரம் என்று எனக்கே தெரிந்தது. அவள் சிரித்தாள். ஆறாம் வகுப்பில் முதல் சால்டரிங் பிடித்துக்கொண்டபோது சிரித்த அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே கூட்டத்தில் யாரையோ தேடினாள். முந்தின நாள்போலவே நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகக் கையைத் தூக்கினேன்.

அரைமணி நேரம் என்று போட்டிருந்த பாட்டு எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்று நான் பார்க்கவில்லை. வெர்னர் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கினார். "மன்னிக்கவும்" என்றார் மைக்கில். "மிக அருமையான கூட்டம்." எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். ஜெசிந்தா ரோல்ஸ் தட்டோடு எழுந்து நின்றார்.

திரும்பும்போது பேருந்தின் மாடியில் திவ்யா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். பாதி வழியில் அதே நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் வண்டி நின்றது. அதே பெண்குரல், இடைவெளியைச் சரிசெய்யச் சற்று நேரம் நிற்கும் என்றது.

"நான் வேணும்னே பண்ணலை கண்ணு."

"தெரியும். வேணும்னே பண்ணியிருந்தா நீ மெயினையே அணைச்சிருப்ப."

கொஞ்ச நேரம் இருவரும் கீழே நின்ற ஓட்டுநரைப் பார்த்தோம். இன்றைக்கு வாழைப்பழம்.

"டிரான்ஸ்ஃபருக்கு எழுதட்டுமாம்மா?"

"பஸ்ஸே நின்னுட்டிருக்கு. உனக்கென்ன அவசரம்?" என்றேன். பிறகு, "தீபாவளிக்கு லீவு இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. பெட்டிதான் காலியாயிடுச்சே." தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் போனது. இந்த முறை அது வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரல்கள் என்ன செய்கின்றன என்று நான் கவனிக்கவில்லை. திவ்யா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"அம்மா, கட்டு மேல தாளம் போடற."

"வலிக்குதா சாமி?"

"இல்ல. ஆனா உனக்கும் வேகம் ஏறுது."